ஞாயிறு முடியட்டும்

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் புதிதாக வந்த பெண் முதல் நாளே காரை நடைபாதை மேல் ஏற்றிவிட்டாள். பல் டாக்டராம். "பல்லு பிடுங்கும்போது நடுங்காத கை இதுக்கு நடுங்குது மேடம்" என்றாள். சொல்லிக்கொடுப்பவருக்கென்று என் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை நான் மிதித்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. தானே நிறுத்திவிட்டதாக நினைத்து அவ்வளவு சந்தோஷம். நானும் சொல்லவில்லை. முதல் நாள்தானே.

வீட்டுக்கு வந்தால் இவர் பால்கனிக் கம்பியைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். துரு எடுத்துவிட்டு பெயின்ட் அடிக்கப் போகிறாராம். காலையில் நீச்சல் குளம், பத்து மணிக்கு ஆஸ்பத்திரி உடற்பயிற்சிக் கூடம், மத்தியானம் இந்தக் கம்பி. வேலைக்குப் போன காலத்தில்கூட இவர் இவ்வளவு வேலை செய்ததில்லை.

"உட்கார்ந்தா எலும்பு கரையும்னு டாக்டர் சொல்லியிருக்கார்ல?" என்றார். டாக்டர் சொன்னதில் இது ஒன்றுதான் இவர் காதில் ஏறியது. "குணமாக்க முடியாது, கட்டுக்குள்ள வெச்சிருக்கலாம்" என்று அதே வாயால்தான் அவர் சொன்னார். அது என் காதில் ஏறிவிட்டது. ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம் போல.

பிப்ரவரி 14, வெள்ளி

ஊசி போட்டு வந்த மூன்றாம் நாள். உடம்பு தீயாய் எரிகிறது என்று ஃபிரிட்ஜைத் திறந்து வைத்து அதன் முன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். புரோஸ்டேட்டிலிருந்து எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்காக ஆண் சுரப்பை அடக்கும் ஊசி, அதன் பலன் இது.

"எனக்கு மாதவிடாய் நின்னப்போ ஃபேனைக் குறை, குளிருதுன்னு போர்வையை இழுத்து மூடினது யாரு?" என்று கேட்டேன்.

"தெரியாமப் பண்ணிட்டேன் தாயே. இதையா நீ ரெண்டு வருஷம் தாங்கின?"

சிரித்தோம். நெஞ்சு முழுக்க வியர்வை. துண்டால் துடைக்கப் போனேன். கையிலிருந்து துண்டை வாங்கிக்கொண்டார். சண்டை மாதிரி இல்லை, மெதுவாகத்தான். ஆனால் வாங்கிக்கொண்டார்.

அந்த ஊசி எதையெல்லாம் எடுத்துக்கொண்டது என்று எனக்குத் தெரியும். அது போனதில் எனக்கு வருத்தமில்லை, எங்களுக்கும் வயசாகிவிட்டது. ஆனால் அதோடு சேர்த்து கையையும் காலையும் ஏன் நகர்த்திக்கொண்டார்? கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறார். நான் அந்த முதுகிடம் என்ன பேசுவது?

பிப்ரவரி 25, செவ்வாய்

புதிதாக நோய் தெரிந்தவர்களுக்காக ஆஸ்பத்திரியில் ஒரு கூட்டம். இவரைப் பேசச் சொன்னார்கள். நான் கடைசி வரிசை.

இஸ்திரி போட்ட சட்டை. நிமிர்ந்து நின்றார். "முப்பத்தஞ்சு வருஷமா ஊர்ல அடைச்ச பைப்பையெல்லாம் நான்தான் எடுத்தேன். சொந்த பைப் அடைச்சதைத்தான் கவனிக்கல" என்று ஆரம்பித்தார். கூடமே சிரித்தது. பிளம்பர் வேலை பார்த்ததே இந்த ஜோக்குக்காகத்தானோ என்று தோன்றும் அளவுக்கு இதைக் கேட்டுவிட்டேன். பிறகு சொன்னார்: "எனக்கு நோய் இருக்கு. ஆனா நான் நோயாளி இல்ல. தினமும் நீந்துறேன், எடை தூக்குறேன், பெயின்ட் அடிக்கிறேன். எலும்புல அது பாட்டுக்கு அது இருக்கட்டும், நான் பாட்டுக்கு நான் இருக்கேன்."

கைதட்டல் ஓயவே இல்லை. என் பக்கத்தில் ஒரு அம்மா அழுதாள். "நீங்க குடுத்து வெச்சவங்க. எங்க வீட்டுக்காரர் படுத்தே கிடக்குறார்" என்றாள். தலையாட்டினேன்.

அடுத்த மாதம் 23-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி சார்பாக ஒரு விழிப்புணர்வு நடை. ஏரிக்கரை வரை. இவர்தான் முன்னால் கொடி பிடிக்க வேண்டுமாம். மீசை வந்து முதுகில் தட்டி, "தலைவா, பேனர்ல உன் மூஞ்சியத்தான் போடுறாங்க" என்றார். மீசை இவருடைய பள்ளிக்கூடத் தோழர், நீச்சல் கூட்டாளி. மீசையை எடுத்து இருபது வருஷமாச்சு, பெயர் மட்டும் போகவில்லை.

டெஸ்டில் பாசிட்டிவ் என்று வந்தால் அழுகிறோம். மனுஷன் பாசிட்டிவாக இருந்தால் கைதட்டுகிறோம். என்ன வார்த்தையோ.

மார்ச் 6, வியாழன்

ரத்தப் பரிசோதனையில் நோயின் அளவைக் காட்டும் எண் ஏறியிருக்கிறது. போன தடவையைவிட இரண்டு மடங்கு.

டாக்டர் மாத்திரையை மாற்றினார். கிளம்பும்போது என்னைப் பார்த்து, "கால் மரத்துப்போச்சு, பலம் குறையுது, யூரின் நிக்குதுன்னா ஃபோன் பண்ணிட்டு இருக்காதீங்க. நேரா வாங்க. முதுகெலும்புல இருக்கறது நரம்பை அழுத்தினா நேரம் ரொம்ப முக்கியம்" என்றார். ஏன் என்னைப் பார்த்துச் சொன்னார்? இவரைப் பார்த்துச் சொன்னால் ஏறாது என்று அவருக்கும் தெரிந்துவிட்டதா?

வெளியூரில் இருக்கும் பையனிடம் சொல்லட்டுமா என்றேன். "எண்ணு ஏறினா ஏறிட்டுப் போகுது. அவன் அங்க உட்கார்ந்து என்ன பண்ணப்போறான்? அவன் வேலையக் கெடுக்காத."

மார்ச் 7, வெள்ளி

பால்கனிக்கு இரண்டாவது கோட்டிங். பச்சை.

மார்ச் 15, சனி

நான் பார்த்தது சரிதானா?

காலையில் சமையலறையிலிருந்து கூடத்துக்கு நடந்து போனார். வலது கால் செருப்பு வழியிலேயே நின்றுவிட்டது. இவர் நடந்துகொண்டே போனார். வெறுங்கால் என்று அவருக்குத் தெரியவில்லை. சோபாவில் உட்கார்ந்து பேப்பரை எடுத்தபோதுதான் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து நான் பார்த்தேனா என்று பார்த்தார்.

நான் பாத்திரம் கழுவுவது போல் நின்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

கேட்டுவிட்டேன். மழுப்பினார். "செருப்பு பழசு, தேஞ்சுபோச்சு." ஊசி குத்தின மாதிரி இருக்கா, பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்கா — டாக்டர் கேட்ட மாதிரியே கேட்டேன். "நீ எப்ப டாக்டருக்குப் படிச்ச?"

மார்ச் 18, செவ்வாய்

இன்று குளத்துக்குப் போகவில்லை. தண்ணீர் குளிர்கிறதாம். மீசைக்கு ஃபோன் செய்து பார்த்தேன். அவர் தயங்கினார். "தங்கச்சி, நான் சொன்னேன்னு சொல்லாத. போன வாரம் ஏணியில ஏறி வர முடியல. நான்தான் பின்னாடி இருந்து தள்ளினேன். கால் வழுக்குதுன்னு சொன்னான்."

போன வாரமா!

சாயங்காலம் எதிரே உட்கார்ந்து நேராகச் சொன்னேன். நாளைக்கு ஆஸ்பத்திரி போகிறோம் என்று. என்னை அவர் நேருக்கு நேர் பார்த்து எவ்வளவு நாளாச்சு.

"போனா படுக்க வெச்சிடுவாங்க. ஞாயித்துக்கிழமை அத்தனை பேர் வராங்க. நான் நடக்கறதப் பாக்க வராங்க. ஞாயிறு முடியட்டும். திங்கக்கிழமை நீ எங்க கூப்பிட்டாலும் வரேன்."

"அதுக்குள்ள கால் போயிடுச்சுன்னா?"

"போகாது."

"எப்படித் தெரியும்?"

"அது ஒண்ணுதான்டி இப்ப என்கிட்ட இருக்கு" என்றார். நடையைச் சொன்னாரா, காலைச் சொன்னாரா?

கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக முடியுமா? என்னைவிட ஒரு அடி உயரமான ஆள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் அதன் டிரைவரிடம் அந்தப் பைப் ஜோக்கைச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார். பையனைக் கூப்பிடவா? கூப்பிட்டால் இனி என்னிடம் எதையும் சொல்ல மாட்டார். இப்போது மட்டும் சொல்கிறாரா என்ன.

மார்ச் 20, வியாழன். ஆஸ்பத்திரி

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன். வேறு எங்கே இறக்கி வைப்பது.

நேற்று காலை நானே சொன்னேன், "நான் ஆளுங்களுக்கு டெஸ்ட் வைக்கிறவ. உங்களுக்கும் ஒண்ணு வைக்கிறேன். பயிற்சி மைதானத்துல காரை எடுங்க. வெள்ளைக் கோட்டுல நிறுத்துங்க. நிறுத்திட்டீங்கன்னா ஞாயிறு வரைக்கும் வாயத் திறக்க மாட்டேன்."

உடனே ஒத்துக்கொண்டார். பிளம்பிங் சாமானோடு முப்பத்தைந்து வருஷம் வேன் ஓட்டினவர். "நான் யாருக்கு டெஸ்ட் குடுக்குறேன் பாரு, என்கிட்ட கார் ஓட்டக் கத்துக்கிட்டவகிட்ட" என்றார். உண்மைதான், எனக்குக் கற்றுத் தந்ததே இவர்தான்.

குடோனுக்குப் பின்னால் இருக்கும் மைதானம். வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனோம். அவர் ஓட்டுநர் இடத்தில், நான் என் வழக்கமான இடத்தில், என் பிரேக் மேல் கால் வைத்துக்கொண்டு. இதை மறைக்க மாட்டேன், அவர் பாஸாக வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். டாக்டர் சொன்னது, மீசை சொன்னது எல்லாம் பொய்யாகிப் போகட்டும், இந்த மனுஷன் கோட்டில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக் கேலியாகச் சிரிக்கட்டும்.

கிளம்புவது நன்றாகத்தான் கிளம்பினார். வளைவு எடுத்தார். கோடு வந்தது. கால் ஆக்சிலரேட்டரிலிருந்து எழும்பவே இல்லை. முகத்தைப் பார்த்தேன், பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கும் முகம். அவர் மிதிக்கிறார். கால் வேறு இடத்தில் இருக்கிறது. கோடு போய்விட்டது. எதிரே குடோன் சுவர். நான் மிதித்தேன்.

கார் நின்றது. அவர் குனிந்து கையால் வலது தொடையைப் பிடித்து, காலை எடுத்து பிரேக் மேல் வைத்தார். ஏதோ கீழே விழுந்த சாமானை எடுத்து வைக்கிற மாதிரி.

"நான் பிரேக்கைத்தான் மிதிச்சேன்."

"தெரியும்."

"கால் அங்க இல்ல."

"தெரியும்ங்க."

இடம் மாறி உட்கார்ந்தோம். அவர் காரின் கூரையைப் பிடித்துப் பிடித்து முன்பக்கமாகச் சுற்றி வந்தார். நான் தாங்கப் போனேன், வேண்டாம் என்று சொல்லவில்லை. நேராக இங்கே வந்துவிட்டோம்.

மத்தியானமே ஸ்கேன். முதுகெலும்பில் இரண்டு இடத்தில் வளர்ந்து நரம்பை அழுத்துகிறது. வீக்கம் குறைய ஊசி, இன்றிலிருந்து கதிர்வீச்சு. ஆபரேஷன் தாங்காது என்றார்கள். டாக்டர் என்னை வராந்தாவில் நிறுத்தி, "எப்ப இருந்து?" என்று கேட்டார்.

சனிக்கிழமை செருப்பைப் பார்த்தேன். சொன்னேன். அவர் திட்டவில்லை. எழுதிக்கொண்டார். திட்டியிருக்கலாம்.

மார்ச் 23, ஞாயிறு

இன்று நடை. மீசை கொடி பிடித்துப் போனாராம். பேனரில் இவர் முகம். வீடியோ எடுத்து அனுப்பியிருந்தார்: "தலைவா, எல்லாரும் உன் பேரைச் சொல்லித்தான் நடக்குறோம்." ஃபோனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். பாதி பார்த்தார். பிறகு விரலால் என் கையோடு சேர்த்து ஃபோனை இறக்கினார்.

இடது கால் கொஞ்சம் அசைகிறது. வலது கால் இல்லை. சிறுநீருக்குக் குழாய் போட்டிருக்கிறார்கள். பைப் ஜோக்கை யாரும் சொல்லவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

பையன் வந்துவிட்டான். விமானத்திலிருந்து நேராக, கையில் பெட்டியோடு. கட்டில் ஓரத்தில் நின்று, "அப்பா, நீங்க ஃபைட்டர்பா. இதையும் ஜெயிச்சுக் காட்டுவீங்க. மனசு மட்டும் விட்டுடாதீங்க" என்றான்.

"போதும்டா" என்றார். கோபமே இல்லாமல். "எனக்குக் காது வலிக்குது."

வெளியே வந்து என்னைப் பிடித்துக்கொண்டான். ஏன்மா முன்னாடியே சொல்லல? என்று கேட்டு அழுதான். நான் அவன் பெட்டியை வாங்கி வைத்தேன். அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

ஏப்ரல் 5, சனி

வீட்டுக்கு வந்தோம். சக்கர நாற்காலி குளியலறைக் கதவில் நுழையவில்லை. பையன் கதவைக் கழற்றித் திரை போட்டான். இவர் கூடத்தில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்புவது என்று அவன் தடுமாறினான். இவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஏப்ரல் 9, புதன்

பயிற்சிக்கு ஒரு பெண் வீட்டுக்கே வருகிறாள். கைக்கு ரப்பர் பட்டை, உட்கார்ந்தபடி செய்கிற பயிற்சி. "சார்தான் எங்க கூடத்துக்கே ஹீரோ, வாங்க சார், ஒரு தடவை" என்றாள். இவர் பட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். அரை மணி நேரம் கெஞ்சிவிட்டுப் போனாள். போகும்போது வாசலில் அவள் கண் கலங்கியிருந்தது. நான் அவளுக்குச் சமாதானம் சொன்னேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

பையன் கிளம்பிவிட்டான். போகத்தான் வேண்டும்.

ஏப்ரல் 22, செவ்வாய்

சாப்பாட்டுத் தட்டை இன்று தள்ளிவிட்டார். தரையெல்லாம் சோறு. நான் கத்திவிட்டேன். "நீங்க மட்டும்தான் கஷ்டப்படுறீங்களா? நான் யார்கிட்ட போய்த் தட்டைத் தள்றது? அன்னைக்கு நிமிர்ந்து நின்னு பேசினீங்களே, நான் நோயாளி இல்லன்னு, ஊரே கைதட்டிச்சே. எனக்கு மட்டும் என்னத்தக் குடுத்தீங்க? முதுகு. வருஷம் பூரா முதுகு."

சொல்லக் கூடாததுதான். சொல்லிவிட்டேன். படுத்த ஆளிடம்.

துடைப்பத்தை எடுத்துப் பெருக்கினேன். நாற்காலிக்குக் கீழே குனிந்தபோது மேலேயிருந்து அவர் குரல்:

"பயமா இருக்கு."

இந்த நோய் வந்ததிலிருந்து அந்த வார்த்தையை அவர் சொன்னதில்லை. நான் அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

"எப்ப இருந்து?"

"முதல் நாள்ல இருந்தே. நின்னா புடிச்சிக்கும்னு ஓடிட்டே இருந்தேன். நீ என் மேல கை வெச்சா அழுதுடுவேனோன்னு தள்ளித் தள்ளிப் படுத்தேன்."

"அழுதா என்னவாம்?"

"யாருக்குத் தெரியும். அழுது பாத்ததில்ல."

எனக்கும் பயமாக இருக்கிறது என்று சொன்னேன். தினமும் காரில் ஏறும்போது, இறங்கும்போது, சாவியைப் போட்டுக் கதவைத் திறக்கும்போது. அவர் கேட்டுக்கொண்டார். தைரியமாக இரு என்று சொல்லவில்லை. அதற்கே அவருக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். சொல்லவில்லை. அவர் பாதத்தின் மேல் கை வைத்தேன். கை வைத்தது அவருக்குத் தெரியாது, பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

ஏப்ரல் 23, புதன்

பயிற்சிப் பெண் வந்தாள். "பட்டையக் குடும்மா. ஹீரோ கீரோன்னு மட்டும் சொல்லாத" என்றார். மூன்று தடவை இழுத்தார். மூச்சு வாங்கியது.

மே 11, ஞாயிறு

இந்த மாதமும் எண் ஏறியிருக்கிறது. இன்னொரு மருந்து இருக்கிறதாம், நரம்பு வழியாக ஏற்றுவது. சில மாதம் கூடுதலாகக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், வாந்தி நிச்சயம். யோசித்துச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். இவர் யோசிக்கிறார். நான் எந்தப் பக்கமும் பேசவில்லை. பேசினால் எந்தப் பக்கம் பேசுவேன்? வேண்டும் என்றால் எனக்காக வாந்தி எடுப்பார். வேண்டாம் என்றால் போங்கள் என்று நானே வழியனுப்பிய மாதிரி. ராத்திரி கட்டிலில் இப்போது என் பக்கம் திரும்பிப் படுக்கிறார். திருப்பிப் படுக்க வைப்பதும் நான்தான். ஆனாலும்.

மே 20, செவ்வாய்

பல் டாக்டர் பெண் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். மைதானத்தில் அந்தச் சுவர்ப் பக்கம் இப்போதெல்லாம் நான் யாரையும் அழைத்துப் போவதில்லை. மறு பக்கமே போதும்.

ஜூன் 7, சனி

காலையில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது வழுக்கிவிட்டோம். அவர் இடுப்பில் கட்டியிருந்த பட்டையைப் பிடித்துத்தான் தூக்கினேன், ஒன்று இரண்டு மூன்று என்று சரியாகத்தான் எண்ணினேன், எப்படியோ சக்கரத்தின் பூட்டு விழவில்லை. நாற்காலி பின்னால் போய்விட்டது. அவரைத் தாங்கிக்கொண்டே நான் மெதுவாகக் கீழே உட்கார்ந்தேன். இரண்டு பேரும் தரையில், கட்டிலில் முதுகைச் சாய்த்து. அடி எதுவும் இல்லை. வலிக்கிறதா என்று அவரும் கேட்டார், நானும் கேட்டேன்.

தூக்க முயன்றேன். இன்னொரு தடவை முயன்றேன். முடியவில்லை. அழுகை வந்தது.

"விடு" என்றார். "எங்க போகப்போறோம். உட்காரு."

மீசைக்கு ஃபோன் செய்தேன். குளத்தில் இருந்திருக்கிறார், தலையைத் துவட்டிக்கொண்டு வருகிறேன் என்றார்.

உட்கார்ந்தோம். தரையிலிருந்து பார்த்தால் வீடே வேறு மாதிரி இருக்கிறது. கட்டிலுக்கு அடியில் ஒரு சாக்ஸ் கிடந்தது. இவர் அந்த மருந்து வேண்டாம் என்றார். "வாந்தி எடுத்துட்டு ஆஸ்பத்திரியில கிடக்கறதுக்கு இங்க கிடக்கறேன். பட்டைய இழுக்கறேன். அது போதும். உனக்குச் சம்மதமா?"

சம்மதம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. "வேலைய மட்டும் விட்டுடாத" என்றார். சரி என்றேன். அதைச் சொல்ல முடிந்தது.

கொஞ்ச நேரத்தில் அவர் தலை என் தோளில் கனத்தது. தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. என் கை மரத்துப்போனது, நகர்த்தவில்லை.

மீசை வந்து கதவைத் தட்டினார். தங்கச்சி, தங்கச்சி என்று கூப்பிட்டார். சாவி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். இவர் தூக்கம் கலைந்துவிடும் என்று நான் குரல் கொடுக்கவில்லை.